கூண்டுக்குள் தாமிரம்: ஓர் எலக்ட்ரான் உள்ளே வரும்போது

பள்ளி ஆய்வகத்தில் மயில்துத்தத்தை, அதாவது தாமிர சல்ஃபேட்டை, கையில் எடுத்துப் பார்க்காதவர்கள் குறைவு. அந்த நீலப் படிகத்தின் உள்ளமைப்பை 1934-இல் பீவர்ஸ், லிப்சன் என்ற இருவர் எக்ஸ் கதிர்களின் துணையோடு வரைந்து காட்டினார்கள். ஒவ்வொரு தாமிர அயனியையும் சுற்றி ஆறு ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன. அவற்றுள் நான்கு, தண்ணீர் மூலக்கூறுகளுக்கு உரியவை. ஒரே தளத்தில், ஏறத்தாழ 2 ஆங்ஸ்ட்ரம் (ஓர் ஆங்ஸ்ட்ரம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) தொலைவில் சதுரமாக நிற்கின்றன. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக உள்ள சல்ஃபேட் ஆக்சிஜன்கள் மட்டும் 2.4 ஆங்ஸ்ட்ரம் அளவுக்கு விலகி நிற்கின்றன. ஆறு பேர் சுற்றி நின்றாலும் தாமிரம் நான்கு பேரைத்தான் நெருங்கவிடுகிறது.

இந்த ஓரவஞ்சனைக்குக் காரணம் எலக்ட்ரான் கணக்கு. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த குப்ரிக் அயனியில், எலக்ட்ரான்கள் குடியிருக்கும் டி ஆர்பிட்டல்களில் மிஞ்சியிருப்பவை ஒன்பது. பத்து இடங்களில் ஒன்று காலி. ஆறு திசைகளும் ஒன்றுபோல இருந்தால், உயர்ந்த மட்டத்தில் உள்ள இரண்டு ஆர்பிட்டல்களுக்கும் சம ஆற்றல் இருக்கும். அந்த ஒற்றை வெற்றிடம் எதில் இருப்பது என்ற இழுபறி நீடிக்கும். அமைப்பு தானாக உருக்குலைந்து அந்த இழுபறியைத் தீர்த்துக்கொள்ளும் என்று 1937-இல் ஜானும் டெல்லரும் நிறுவினார்கள். தாமிரத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் ஓர் அச்சு நீண்டுவிடுகிறது.

இப்போது இந்த அயனிக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுப்போம். வெற்றிடம் நிரம்பிவிடுகிறது. பத்து எலக்ட்ரான்களோடு நிற்கும் குப்ரஸ் அயனிக்குச் சதுரத்தின் மேல் எந்தப் பிடிப்பும் இல்லை. நான்கு அணுக்கள் நான்முகியாக, ஒன்றையொன்று இடிக்காமல் விலகி நின்றால் அதற்குப் போதும். சில வேளைகளில் மூன்றோ இரண்டோகூடப் போதும். ஆறு அணுக்கள் நெருக்கி நிற்பதை அது விரும்புவதில்லை. தாமிரத்தின் ஆக்சிஜனேற்ற–ஒடுக்க வேதியியல் என்று நாம் படிப்பதெல்லாம் இந்த ஒரு முரணிலிருந்து கிளைப்பதுதான்: எலக்ட்ரான் ஒன்றுதான், ஆனால் அது வருவதற்கு முன்பு வேண்டிய வடிவம் வேறு, வந்த பின்பு வேண்டிய வடிவம் வேறு.

நம் பாடநூல்கள் அணைவுச் சேர்மங்களின் வடிவத்தை ஓர் அத்தியாயத்திலும் மின்முனை அழுத்தங்களை இன்னோர் அத்தியாயத்திலும் வைத்திருக்கின்றன. தாமிரத்துக்கு இந்தப் பிரிவினை பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. குப்ரிக் எவ்வளவு எளிதில் எலக்ட்ரானை ஏற்றுக் குப்ரஸாகும் என்பதைக் காட்டும் ஒடுக்க மின்னழுத்தம் தண்ணீரில் சுமார் 0.16 வோல்ட் என்ற எண்ணை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். தாமிரத்தைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்திருக்கும்வரைதான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. சுற்றியிருப்பவர்களை மாற்றினால் அதே தாமிரம் ஒரு வோல்ட்டுக்கும் அதிகமான வீச்சில் மேலும் கீழும் நகரும். அமிலத்தில் வாழும் ஒரு பாக்டீரியாவின் ரஸ்டிசயனின் என்ற புரதத்தில் அந்த மதிப்பு ஏறத்தாழ 0.68 வோல்ட். தாமிரத்தைக் கூண்டுபோல அடைக்கும் சில மூலக்கூறுகளில் அது பூஜ்யத்துக்கு வெகு கீழே இறங்கிவிடுகிறது.

உலோக அயனிக்குத் தன் எலக்ட்ரான் இரட்டைகளைக் கொடுத்து அதைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுக்கே ஈனி என்று பெயர். நைட்ரஜன் ஈனிகள் குப்ரிக்கைத் தாங்கும், கந்தக ஈனிகள் குப்ரஸைத் தாங்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். டெட்ராய்ட்டில் உள்ள வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ரோராபாக்கர் குழுவினர் இந்த வழக்கமான விளக்கத்தை எண்களால் சோதித்தார்கள். பல்வேறு ஈனிகளோடு குப்ரிக், குப்ரஸ் இரண்டின் நிலைப்பு மாறிலிகளையும் (அணைவு எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பதன் அளவு) தனித்தனியே அளந்தபோது ஒன்று தெளிவானது. குப்ரஸ் அணைவின் நிலைப்பு ஈனிக்கு ஈனி அவ்வளவாக மாறவில்லை. தலைகீழாக மாறியது குப்ரிக்கின் நிலைப்புதான். ஆகவே மின்னழுத்தம் உயர்ந்திருக்கிறது என்றால், பெரும்பாலும் அதன் பொருள் குப்ரஸ் அங்கே வசதியாக இருக்கிறது என்பதைவிட, குப்ரிக் அங்கே அவதிப்படுகிறது என்பதே. கூண்டுகளைப் பற்றி யோசிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அதே குழு இன்னொன்றையும் காட்டியது. எலக்ட்ரான் தாவுவதும் வடிவம் மாறுவதும் ஒரே கணத்தில் நடக்க வேண்டியதில்லை. தாமிரம் முதலில் வடிவத்தை மாற்றிக்கொண்டு எலக்ட்ரானுக்காகக் காத்திருக்கலாம். அல்லது எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு பிறகு மெதுவாக மாறலாம். வடிவ மாற்றம் மெதுவாக நடக்கும் இடங்களில், அதுவே வாயிற்கதவாகி எலக்ட்ரானின் வேகத்தைத் தீர்மானித்துவிடுகிறது.

உயிரினங்கள் இந்தக் கதவை எப்படிச் சமாளிக்கின்றன? இலைகளில் ஒளிச்சேர்க்கைக்காக எலக்ட்ரானைச் சுமந்து செல்லும் பிளாஸ்டோசயனின் என்ற நீலப் புரதத்தின் அமைப்பை, பாப்ளார் மரத்திலிருந்து எடுத்த மாதிரியைக் கொண்டு, 1978-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ஃப்ரீமன் குழு வெளியிட்டது. தாமிரத்தைச் சுற்றி, புரதத்தின் அமினோ அமிலங்களிலிருந்து வரும் இரண்டு ஹிஸ்டிடின் நைட்ரஜன்கள், ஒரு சிஸ்டீன் கந்தகம், சற்றுத் தள்ளி ஒரு மெத்தியோனின் கந்தகம். இது சதுரமும் இல்லை, சீரான நான்முகியும் இல்லை; இரண்டுக்கும் நடுவே ஒரு வடிவம். இதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1968-இல், வல்லீ, வில்லியம்ஸ் இருவரும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்திருந்தார்கள். இரு நிலைகளுக்கும் இடைப்பட்ட ஒரு வடிவத்தில் புரதம் உலோகத்தைப் பிடித்து வைத்திருந்தால் எலக்ட்ரான் தாவும்போது எதுவும் பெரிதாக நகர வேண்டியிருக்காது என்பது அவர்கள் வாதம்.

1984-இல் ஃப்ரீமன் குழு தாமிரத்தை நீக்கிவிட்டு வெறும் புரதத்தைப் படிகமாக்கிப் பார்த்தது. தாமிரம் இருந்த இடம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. தாமிரம் வந்து தனக்கென்று இடம் செய்துகொள்ளவில்லை. முன்பே வெட்டி வைத்த அச்சில் அது உட்கார்ந்திருக்கிறது. அந்த அச்சு தாமிரத்தை உண்மையிலேயே வருத்துகிறதா என்பது பற்றிப் பின்னாளில் கணக்கீட்டு வேதியியலாளர்கள் மாற்றுக் கருத்து சொன்னார்கள். சிஸ்டீன் கந்தகம் இருந்தால் குப்ரிக் தானாகவே ஏறத்தாழ அந்த வடிவத்தைத்தான் எடுக்கும் என்று அவர்களுடைய கணக்குகள் காட்டின. எனக்கு அந்தக் கணக்குகளில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. ஆனால் எலக்ட்ரான் வந்துபோகும்போது வடிவம் மிகக் குறைவாகவே மாறுகிறது என்ற அடிப்படைச் செய்தியில் யாருக்கும் மறுப்பு இல்லை.

புரதம் செய்வதை வேதியியலாளர் செய்ய வேண்டுமானால், உலோகத்தை எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டு, பிறகு அதற்கு எலக்ட்ரானைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு உண்மையான கூண்டு வேண்டும்.

1977-இல் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆலன் சார்ஜசன் குழு அதைச் செய்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது கோபால்ட். மூன்று எத்திலீன்டையமின் மூலக்கூறுகள் மின்விசிறியின் இறக்கைகளைப் போலக் கோபால்ட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய, எல்லோருக்கும் தெரிந்த அணைவுச் சேர்மம் அது. அதனோடு ஃபார்மால்டிஹைடையும் அம்மோனியாவையும் சேர்த்தபோது மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு மூடிகள் விழுந்தன. ஆறு நைட்ரஜன்களுக்கு நடுவே கோபால்ட் சிறைப்பட்டது. கல்லறை என்ற பொருள் தரும் செபல்க்ரேட் என்ற பெயரை அதற்கு வைத்தார்கள். பின்னர் மூடியின் முனையில் நைட்ரஜனுக்குப் பதில் கார்பன் வரும்படி செய்த கூண்டுகளுக்குச் சார்கோஃபஜின் என்று பெயர். பழங்காலத்துக் கல் சவப்பெட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது வந்தது.

கோபால்ட் கூண்டுகள் காட்டிய பாடம் இது: திறந்த எத்திலீன்டையமின் சேர்மத்தோடு ஒப்பிட்டால், செபல்க்ரேட்டுக்குள் இருக்கும் கோபால்ட் தன் சக கோபால்ட்டோடு எலக்ட்ரானைப் பரிமாறிக்கொள்ளும் வேகம் ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு அதிகம். எலக்ட்ரான் உள்ளே வந்தால் கோபால்ட் பருத்து, ஈனிகளின் பிடி தளர்ந்து, திறந்த சேர்மமாக இருந்தால் சிதறிப்போகும். கூண்டில் சிதற வழியில்லை. வலக்கைச் சுருளாக இருந்த மூலக்கூறை ஒடுக்கிவிட்டு மறுபடியும் ஆக்சிஜனேற்றினாலும் அது வலக்கைச் சுருளாகவே திரும்பி வந்தது.

தாமிரத்தை இந்தக் கூண்டில் அமர்த்துவதற்கு முன், கோபால்ட்டை வெளியே எடுக்க வேண்டும். செபல்க்ரேட்டில் அது முடியாது. உலோகம் போனால் நைட்ரஜன்–கார்பன்–நைட்ரஜன் இணைப்புகள் உடைந்து கூண்டே கலைந்துவிடும். சார்கோஃபஜின் கார்பன் மூடி போட்டது, ஆகவே காலியாகவும் நிற்கும். அடர் ஹைட்ரோபுரோமிக் அமிலத்தில் கடுமையாகச் சூடாக்குவது போன்ற முரட்டு வழிகளில் கோபால்ட்டை வெளியேற்றுகிறார்கள். வெளியேற்ற இத்தனை பாடு. ஆனால் காலியான கூண்டைக் குப்ரிக் உப்புக் கரைசலில் போட்டால் தாமிரம் அறை வெப்பநிலையிலேயே சில நிமிடங்களில் உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது.

உள்ளே போன தாமிரம் எப்படி இருக்கிறது? கூண்டுக்குள் மேலே மூன்று நைட்ரஜன்கள் ஒரு முக்கோணம், கீழே மூன்று ஒரு முக்கோணம். இரண்டு முக்கோணங்களும் நேருக்கு நேர் இருந்தால் அது முக்கோணப் பட்டகம். ஒன்று மற்றதிலிருந்து 60 பாகை திரும்பியிருந்தால் எண்முகி. தாமிரக் கூண்டுகளில் இந்தத் திருகல் கிட்டத்தட்ட நடுவில், 30 பாகையை ஒட்டி நிற்கிறது. அதற்கு மேல் ஜான்–டெல்லர் விளைவும் சேர்ந்துகொள்கிறது. நான்கு நைட்ரஜன்கள் 2.1 ஆங்ஸ்ட்ரம் அளவிலும், எதிரெதிரான இரண்டு 2.3 அளவிலும் நிற்கின்றன. சிறைப்பட்ட பிறகும் தாமிரம் தன் பழைய ஓரவஞ்சனையை விடவில்லை. கூண்டு திருகிக்கொடுக்கிறது, தாமிரம் நீட்டிக்கொள்கிறது. இருவரும் ஏதோ ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

இந்த உடன்பாடு குப்ரிக்குக்கு மட்டுமே. சுழற்சி வோல்ட்டாமெட்ரி என்ற அளவீட்டில், கரைசலில் நிற்கும் மின்முனையின் அழுத்தத்தைச் சீராகக் கீழே இறக்கிக்கொண்டு போவார்கள். ஒரு கட்டத்தில் தாமிரம் எலக்ட்ரானை ஏற்கும். மின்னோட்ட வரைகோட்டில் ஒரு முகடு எழும். பிறகு அதே வேகத்தில் அழுத்தத்தை மேலே ஏற்றுவார்கள். குப்ரஸ் கூண்டுக்குள் உயிரோடு இருந்தால் எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுக்கும், எதிர்த்திசையில் இன்னொரு முகடு வரும். ஆறு அமின் கூண்டில் முதல் முகடு பூஜ்யத்துக்கு மிகவும் கீழே, சிரமப்பட்டுத்தான் வருகிறது. திரும்பும் பாதையில் அதற்கு இணை இல்லை. கோடு வெறுமனே கடந்துபோகிறது. எலக்ட்ரான் உள்ளே போன பிறகு அந்தத் தாமிரம் பழைய இடத்தில் இல்லை என்பதற்கு அந்த வெறுமையே சாட்சி. நான்முகியாக நிற்க நினைக்கும் குப்ரஸுக்கு இந்தக் கூண்டு அந்த வடிவத்தைத் தருவதே இல்லை. கோபால்ட்டை லட்சம் மடங்கு வேகப்படுத்திய அதே கூண்டு, தாமிரத்தின் எலக்ட்ரான் போக்குவரத்தைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடுகிறது. ஆறு பேர் நடுவே நிற்பதில் கோபால்ட்டுக்கு இரு நிலைகளிலும் ஆட்சேபணை இல்லை. தாமிரத்துக்கு ஒரு நிலையில் மட்டும் உண்டு. கூண்டு உலோகத்தை நிலைப்படுத்தும் என்று பொதுப்படையாகச் சொல்வதை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம். எந்த உலோகம், எந்த நிலை என்று கேட்காமல் அந்த வாக்கியத்துக்குப் பொருளே கிடையாது.

எலக்ட்ரானை ஏற்க மறுக்கும் தாமிரத்தால் யாருக்கு என்ன பயன்? புற்றுநோய் மருத்துவத்துக்குப் பெரும் பயன். தாமிரம்–64 என்ற கதிரியக்க ஓரிடத்தானின் அரை ஆயுள் 12.7 மணி. அதன் சிதைவுகளில் ஏறத்தாழ 17 சதவீதத்துக்குச் சற்று மேல் பாசிட்ரானை வெளிவிடுவதால் பெட் ஸ்கேனில் படம் பிடிக்கலாம். கட்டியைத் தேடிப் போகும் ஒரு புரதத்துண்டோடு தாமிரத்தைக் கட்டி அனுப்பினால் கட்டி இருக்கும் இடம் ஒளிரும். ஆனால் கட்டு அவிழக் கூடாது. உடலுக்குள் எலக்ட்ரான் கொடுக்கும் மூலக்கூறுகள் ஏராளம். வழக்கமான ஹைட்ரஜன் மின்முனையோடு ஒப்பிட்டு அவற்றின் எல்லையை –0.4 வோல்ட் என்று குறிப்பிடுவார்கள். அவற்றில் ஒன்று தாமிரத்தைக் குப்ரஸாக்கிவிட்டால், தளர்ந்த தாமிரத்தைக் கல்லீரலில் உள்ள சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் போன்ற புரதங்கள் பறித்துக்கொள்ளும். பிறகு ஸ்கேனில் ஒளிர்வது கட்டியல்ல, கல்லீரல்.

பிற உலோகங்களுக்கு நன்றாக உதவும் டோட்டா என்ற வளைய ஈனியும், அதன் உறவான டெட்டாவும் தாமிரத்திடம் தோற்றது இப்படித்தான். நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் வைஸ்மனும் வாங்கும் வேறு வழியில் யோசித்தார்கள். நான்கு நைட்ரஜன் கொண்ட சைக்ளம் வளையத்தில் எதிரெதிர் நைட்ரஜன்களுக்கு இடையே இரண்டு கார்பன் நீளத்தில் ஒரு குறுக்குப் பாலம் போட்டார்கள். வளையம் மடங்கி ஒரு பிளவாகியது. அதில் தாமிரம் இறங்கியது. இரண்டு அசெட்டேட் கைகள் மிச்சப் பக்கத்தை மூடின. செயின்ட் லூயிஸில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கரோலின் ஆண்டர்சன் குழுவோடு சேர்ந்து அதைச் சோதித்தார்கள். ஐந்து மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 90 டிகிரி செல்சியஸில் டோட்டாவின் தாமிரச் சேர்மம் மூன்று நிமிடம்கூடத் தாங்கவில்லை. குறுக்குப் பாலச் சேர்மத்தின் அரை ஆயுள் 154 மணி. எலிகளுக்குச் செலுத்தி நான்கு மணி நேரம் கழித்துக் கல்லீரலைப் பார்த்தபோது, டெட்டாவில் வந்த தாமிரத்தில் சுமார் 75 சதவீதம் புரதங்களின் கைக்குப் போயிருந்தது. குறுக்குப் பாலத்தில் வந்ததில் 13 சதவீதம்தான் போயிருந்தது.

இதில் என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது வேறொரு ஜோடி எண். வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனையோடு ஒப்பிட, டெட்டா சேர்மம் ஒடுங்குவது –0.98 வோல்ட்டில், குறுக்குப் பாலச் சேர்மம் –0.88 வோல்ட்டில். அழுத்தத்தை மட்டும் பார்த்தால் டெட்டாவை ஒடுக்குவதுதான் கடினம். பிறகு ஏன் அது உடலில் தோற்கிறது? வரைகோட்டின் திரும்பும் பாதையில் ஒரு துப்பு இருக்கிறது. டெட்டாவில் எதிர் முகடு இல்லை. குறுக்குப் பாலத்தில் அது ஓரளவு இருக்கிறது. அதாவது எலக்ட்ரான் வந்தாலும் அங்கே தாமிரம் இடத்தை விட்டு ஓடவில்லை. கொஞ்ச நேரம் குப்ரஸாக உட்கார்ந்திருந்து எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுக்கிறது. கதவு எவ்வளவு பலம் என்பதோடு, கதவு திறந்தால் உள்ளே இருப்பவர் ஓடுவாரா இருப்பாரா என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. தாமிரம் அந்தப் பிளவிலிருந்து வெளியேற வளையம் முழுவதும் நெளிந்து கொடுக்க வேண்டும். பாலம் அதற்கு இடம் தருவதில்லை.

ஆனால் அதே விறைப்புக்கு ஒரு விலை உண்டு. தாமிரத்தை உள்ளே ஏற்றவே 95 டிகிரியில் சூடாக்க வேண்டும். முட்டை வெந்துவிடும் அந்தச் சூட்டில், கட்டியைத் தேடிப் போகும் ஆன்டிபாடிகள் பிழைக்காது. அங்கேதான் சார்கோஃபஜின் மீண்டும் வருகிறது: அறை வெப்பநிலை, சில நிமிடங்கள். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் பால் டானலி குழு அந்தக் கூண்டின் மூடியில் ஒரு கைப்பிடி வைத்து, நரம்பு–நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளைத் தேடும் பெப்டைடோடு இணைத்தது. சார்டேட் என்ற பெயரில் அது மெல்போர்னில் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு முதல் முடிவுகள் 2019-இல் வெளியாயின. அதே கூண்டில் தாமிரம்–64-க்குப் பதிலாக, ஏறத்தாழ 62 மணி அரை ஆயுள் கொண்ட தாமிரம்–67-ஐ வைத்தால் அதன் பீட்டா கதிர்கள் கட்டியை எரிக்கும். வேதியியலில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. கூண்டுக்கு இரண்டும் ஒரே தாமிரம்தான்.

இதுவரை ஒரு கூண்டுக்கு ஒரு தாமிரம். இரண்டு தாமிரங்களை ஒரே கூண்டில் அடைத்தால் கதை வேறு திசையில் போகிறது. ஜேன் நெல்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990களில் எட்டு நைட்ரஜன் கொண்ட நீள்வடிவக் கூண்டுகளைச் செய்தார்கள். இரு முனைகளிலும் மூன்று கை கொண்ட அமின், நடுவில் கிளையாக்சால் என்ற சிறு மூலக்கூறு தரும் மிகக் குட்டையான மூன்று இணைப்புகள். இரு முனைகளிலும் ஒவ்வொரு தாமிரம் அமர்ந்தது. கூண்டு குட்டையானதால் தாமிரங்கள் விலகி நிற்க இடமில்லை. அவற்றுக்கு இடையே சுமார் 2.4 ஆங்ஸ்ட்ரம். தாமிரக் குடத்தின் உலோகத்திலேயே அடுத்தடுத்த அணுக்கள் 2.56 ஆங்ஸ்ட்ரம் தள்ளித்தான் இருக்கின்றன. ஒன்று குப்ரிக், மற்றது குப்ரஸ் என்று எழுதினால் மின்சுமைக் கணக்கு சரியாக வரும். ஆனால் எது எது?

இதற்கு விடை சொல்லும் கருவி இ.பி.ஆர். நிறமாலை: ஜோடியில்லாத எலக்ட்ரானைக் காந்தப்புலத்தில் வைத்துக் கண்டறியும் முறை. தனித்த எலக்ட்ரான் ஒரு தாமிர அணுவிடம் மட்டும் இருந்தால், அந்த அணுக்கருவின் தன்சுழற்சி 3/2 என்பதால், நான்கு கோடுகள் தெரியும். இரண்டு தாமிரங்களிடமும் சமமாக இருந்தால்? ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். முதல் கருவுக்கு நான்கு நிலைகள், இரண்டாவதற்கு நான்கு, பதினாறு சேர்க்கைகள். ஒரே கூட்டுத்தொகை தருபவற்றை ஒன்றாக அடுக்கினால் ஏழு இடங்களில் விழும். அடுக்கின் உயரங்கள் 1, 2, 3, 4, 3, 2, 1. நெல்சனின் கூண்டு காட்டியது ஏழு கோடுகள். குப்ரிக்கும் (மின்சுமை இரண்டு) இல்லை, குப்ரஸும் (மின்சுமை ஒன்று) இல்லை, இரண்டும் ஒன்றரை.

இதே ஏழு கோடுகள் புரதங்களிலும் தெரிந்தவைதான். நைட்ரஸ் ஆக்சைடைச் சிதைக்கும் பாக்டீரியா நொதியில் 1980களின் இறுதியில் அவற்றைக் கண்டவர்கள் ஒன்றையொன்று ஒட்டிய இரட்டைத் தாமிர மையம் என்று விளக்கினார்கள். நம் செல்களில் ஆக்சிஜனைத் தண்ணீராக மாற்றும் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸிலும் அதே மையம் இருக்கிறது. அங்கே இரண்டு சிஸ்டீன் கந்தகங்கள் தாமிரங்களைப் பாலமிட்டு நெருக்கி வைக்கின்றன. நெல்சனின் கூண்டில் அந்தப் பாலம் இல்லை. தாமிரமும் தாமிரமும் நேராகவே பிணைந்திருக்கின்றன. எலக்ட்ரான் இரண்டிலும் பரவிவிட்டால் ஒவ்வொரு தாமிரமும் அரை எலக்ட்ரான் அளவுக்கே மாற வேண்டும். வடிவ மாற்றத்தின் சுமை பாதியாகிறது. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனுக்குப் போய்ச் சேரும் எலக்ட்ரான்கள், அவற்றைச் சுமந்து வரும் சைட்டோகுரோம் சி என்ற புரதத்திடமிருந்து இறங்கியதும் முதலில் கால் வைப்பது இந்த ஒன்றரைத் தாமிரங்களில்தான்.